சால்ஸ்பர்க்கில் சனிக்கிழமை பன்னிரண்டு மணிச் சங்கு

ஜனவரி மூன்றாம் வாரத்தில் ஐரோப்பாவில் யாரும் ஊர் சுற்றக் கிளம்ப மாட்டார்கள். கிறிஸ்துமஸ் விளக்குகளைக் கழற்றியிருப்பார்கள், தெருவோரப் பனி கறுத்திருக்கும், ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதனால்தான் நாங்கள் கிளம்பினோம். விடுதிக்குப் பாதி விலை, கோட்டையில் கூட்டமில்லை, மூன்று பேருக்கும் ஒரே சனி ஞாயிறு விடுமுறை. இந்த மூன்றும் சேர்ந்து வருவது எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை.

மூன்று பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் திருவொற்றியூர். மியூனிக் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. மேற்படிப்புப் படிக்க வந்து பெட்டி தூக்குகிறேன், அதைப் பற்றி வேறொரு நாள் திட்டி எழுதுகிறேன். ஜாசிம் ராயபுரம், மியூனிக்கில் ஆஸ்பத்திரி நர்ஸ். டில்லிபாபு எர்ணாவூர்ப் பக்கம், தொழிற்சாலைப் பாதுகாப்பு படித்தவன். பன்னிரண்டாம் வகுப்பில் ராயபுரத்தில் ஒரே டியூஷனில் பெஞ்சு தேய்த்தவர்கள் நாங்கள்.

இந்தப் பயணமே டில்லிக்காகத்தான். பவேரியாவில் ஒரு சின்ன ஊரில், இயந்திரங்களைச் சோதிக்கும் நிறுவனத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்துவிட்டது. திங்கள் மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். மார்ச் கடைசியில் முடிகிற அவனுடைய விசாவுக்கு அது உயிர் மாதிரி. எனவே கொண்டாட்டம். அவன் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறான் என்பதும், ஊரிலிருந்து இன்னொரு வேலைக் கடிதம் அவன் போனில் இருக்கிறது என்பதும் ரயில் ஏறும்போது எங்களுக்குத் தெரியாது.

மியூனிக்கிலிருந்து, எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டில் இருக்கும் சால்ஸ்பர்க் சுமார் 150 கிலோமீட்டர். அதிவேக ரயில் வேண்டாம். பவேரியா மாநிலத்துக்குள் நாள் முழுக்கப் போகிற குழு டிக்கெட் சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரை செல்லும். நாங்கள் போனபோது மூவருக்கும் சேர்த்து 49 யூரோ. விலை ஏறிக்கொண்டே இருக்கிறது, பார்த்து வாங்குங்கள். காலை 7:55க்கு ஏறி 9:45க்கு இறங்கினோம். வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மலைகள் அந்தப் பக்கம்தான் வரும்.

ஜாசிம் புளிசோறும் நாலு அவித்த முட்டையும் கட்டி வந்திருந்தான். பெட்டியைத் திறந்ததும் எதிர் சீட்டு அம்மாள் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

“போட்டும் வுடு. எடம் கெடச்சிது, காலு நீட்டிக்கோ,” என்றான் ஜாசிம். பிறகு டில்லியைப் பார்த்து, “நைனா, ட்ரீட்டு இன்னிக்கு உன்னுது. மூஞ்சிய ஏன் எயவு வூட்ல குந்திகினு கீற மாதிரி வெச்சினுகீற?”

“தூக்கம் பத்தல,” என்றான் டில்லி. போனைத் திறந்து பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான். அடுத்த ஒரு மணி நேரத்தில் அதையே ஏழெட்டு முறை செய்தான்.

ஸ்டேஷனிலிருந்து பழைய ஊருக்கு நடந்தால் 25 நிமிஷம். பஸ் தேவையில்லை. விடுதி ஸ்டேஷனுக்கும் ஆற்றுக்கும் நடுவில்; ஆறு கட்டில் அறையில் ஆளுக்கு 27 யூரோ, பூட்டு நீங்களே கொண்டுபோக வேண்டும். பைகளைப் போட்டுவிட்டு ஆற்றுப் பாலத்துக்கு வந்தபோது மைனஸ் நாலு. ஆறு பச்சையாக ஓடியது. அடியில் கிடக்கும் கல் தெரிந்தது. ஊருக்கு நடுவில் ஓடும் ஆற்றில் கல் தெரிவதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் தண்ணீரில் முழங்கால் வரை நின்று இறால் தடவுகிறவர்களுக்குத் தங்கள் கால் விரலே தெரியாது.

எல்லோரும் முதலில் போவது கடைத்தெருவுக்கு. இரும்பில் செய்த பழைய பெயர்ப்பலகைகள் தொங்கும் குறுகிய தெரு, அழகுதான். இந்த ஊரில் பிறந்த ஒரு இசைக்காரரின் முகத்தைச் சாக்லேட், குடை, கழிப்பறைக் காகிதம் வரை ஒட்டி விற்கிறார்கள். நாங்கள் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். டில்லிக்குப் பார்க்க வேண்டியது வேறு. ஊரைத் தேர்ந்தெடுத்தவனே அவன்தான். நானும் ஜாசிமும் பிராக் போகலாம் என்றோம். அவன் சால்ஸ்பர்க்தான் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

அவன் எங்களைக் கூட்டிப்போனது ஒரு பாறைச் சுவருக்கு. பழைய ஊரின் முதுகில் ஒரு குன்று செங்குத்தாக நிற்கிறது. வீடுகள் அதில் முதுகைச் சாய்த்தபடி கட்டப்பட்டவை. சில வீடுகளின் பின்சுவரே பாறைதான். சில நூறு வருஷங்களுக்கு முன் அந்தப் பாறையின் ஒரு பகுதி உடைந்து விழுந்து, கீழே இருந்த வீடுகளோடு ஏராளமானவர்கள் செத்திருக்கிறார்கள். அதிலிருந்து பாடம் கற்று, இந்தப் பாறையைப் பார்த்துக்கொள்வதற்கென்றே நகராட்சி ஆள் வைத்திருக்கிறது.

“கயிறு கட்டித் தொங்கிகினு வருஷா வருஷம் பாறைய சுத்தியால தட்டிப் பாக்கறாங்க மாமு,” என்றான் டில்லி. கையுறையைக் கழற்றிவிட்டுப் பாறையைத் தொட்டான். “சத்தம் பொக்கையா வந்தா அந்த எடத்த இவுங்களே இடிச்சி எறக்கிடுவாங்க. அதுவா வுயறதுக்கு முன்னாடி.”

ஜாசிம் தலையை அண்ணாந்து மேலே பார்த்தான். “வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்கு இவுங்கள இட்டுனு போய் தட்டச் சொல்லு. ஒரு பில்டிங்கு மிஞ்சாது.”

டில்லி சிரிக்கவில்லை. குளிர்காலத்தில் அந்த வேலை நடக்காது, பார்ப்பதற்கு வெறும் பாறைதான். அவன் அங்கேயே பத்து நிமிஷம் நின்றான். எனக்குக் கால் விரல் மரத்துப்போய், “பாறையத் தடவினது போதும், வா,” என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

சந்தையில் ஒரு வேகவைத்த சோளம் 4 யூரோ, காபி 4.90. தொத்திறைச்சி ரொட்டி ஒன்று இந்த ஊரில் பிரபலம். கறித்தூள் என்று அவர்கள் நம்பும் ஒரு மஞ்சள் தூளை மேலே தூவித் தருகிறார்கள். 5.50. பன்றி இறைச்சி என்பதால் ஜாசிம் தொடவில்லை, நானும் டில்லியும் பாதிப்பாதி தின்றோம். தின்று முடித்து, கோட்டைக்கு அடியில் இருக்கும் பெரிய சதுக்கத்துக்கு வந்தபோது பன்னிரண்டு அடித்தது. மாதா கோயில் மணிகள் ஓய்வதற்குள் இன்னொரு சத்தம் எழுந்தது.

சங்கு. ஒன்றல்ல, ஊரின் நாலு பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில். ஏறி இறங்காமல் ஒரே சுருதியில் நீண்டது.

அடுத்து நடந்ததை எழுத எனக்கு வெட்கமில்லை. டில்லி நிமிர்ந்து புகையைத் தேடினான். ஒரு கூரைப் புகைபோக்கியிலிருந்து வந்த புகை ஆற்றுப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. “குறுக்கால!” என்று கத்திவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு இடது பக்கம் ஓடினான். நான் எதுவும் யோசிக்கவில்லை, என் கால்கள் அவன் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ராயபுரத்துக்காரனுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. ஆனாலும் ஜாசிம் நர்ஸ் இல்லையா, நாங்கள் மூக்கைப் பொத்துவதைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தன் மஃப்ளரில் கொட்டி முகத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டிருந்த ஒரு தம்பதியிடம், “ஓடுங்க! மேட்டுக்கு ஓடுங்க!” என்று தமிழில் கத்தினான். அவர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள்.

பதினைந்து விநாடியில் சங்கு நின்றுவிட்டது. நின்றதும் நாங்கள் இன்னும் வேகமாக ஓடினோம்.

கோட்டைக்கு ஏறும் சாய்வுத் தெருவில், ஒரு தள்ளுவண்டியில் கஷ்கொட்டை சுட்டுக்கொண்டிருந்தவர் கையை நீட்டி எங்களை மறித்தார். அறுபது வயதிருக்கும். “சனிக்கிழமை! சோதனை! வெறும் சோதனை!” என்றார் ஜெர்மனில். ஒவ்வொரு சனிக்கிழமையும் பன்னிரண்டு மணிக்கு நாட்டில் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் சங்கை ஊதிப் பார்ப்பார்களாம். பதினைந்து விநாடி. பிறந்த குழந்தைக்கும் தெரியுமாம்.

நாங்கள் முழங்காலில் கைவைத்து மூச்சு வாங்கினோம். ஜாசிமின் மஃப்ளர் அதற்குள் உறைந்து, பொரித்த அப்பளம் மாதிரி விறைத்து, மூக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்க்கப் பிய்க்க அவன் கெட்ட வார்த்தையில் அர்ச்சனை செய்தான். நான் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கஷ்கொட்டைக்காரர் சிரிக்கவில்லை. “எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்? அங்கே சண்டையா?” என்று கேட்டார்.

“சண்டை இல்லை. தொழிற்சாலைகள்,” என்றேன்.

அவர் தலையாட்டினார். தான் போஸ்னியாவிலிருந்து வந்தவர் என்றார். வந்த முதல் சனிக்கிழமை இந்தச் சத்தத்துக்கு அவர் ஒரு ஹோட்டல் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டாராம். அதனால் கஷ்கொட்டையை இலவசமாகத் தந்தார் என்று நினைக்காதீர்கள். ஒரு பொட்டலம் 5 யூரோ. சுட்ட பலாக்கொட்டை மாதிரி இருக்கும்.

ஏன் ஓடினோம் என்று வடசென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தொழிற்சாலைச் சங்கு ஒரு கடிகாரம். ஆறு, இரண்டு, பத்து என்று ஷிப்டுக்கு ஷிப்டு ஊதும். நேரங்கெட்ட நேரத்தில் ஊதினால் உள்ளே ஏதோ வெடித்திருக்கிறது என்று அர்த்தம். டில்லி பதினொன்றாவது படிக்கும்போது ஒரு ஞாயிறு சாயங்காலம், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வாயு கசிந்தது. அன்றைக்கு அந்தச் சங்கு ஊதவில்லை. மூக்கு எரிந்த பிறகுதான் தெருவுக்கே தெரிந்தது. எல்லோரும் கண்ட பக்கம் ஓடினார்கள். டில்லியின் தங்கை தேவிக்கு எட்டு வயது. கூட்டம் போன பக்கமே அவளும் ஓடினாள், காற்று போன பக்கமும் அதுவே. மெயின் ரோட்டில் விழுந்து கிடந்தவளை யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தாள். இன்றைக்கும் பையில் இன்ஹேலர் இல்லாமல் அவள் கல்லூரிக்குப் போவதில்லை.

அன்றிரவு பத்து மணி ஷிப்டுக்குச் சங்கு சரியாக ஊதியது. அதை நான் திருவொற்றியூரில் என் வீட்டிலிருந்து கேட்டேன். வேலைக்குக் கூப்பிட அந்தச் சங்கு ஒருநாளும் மறந்ததில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தெருப் பையன்களே கூடி முறை வகுத்தார்கள்: துணியை நனை, புகையையோ கொடியையோ பார், காற்றுக்குக் குறுக்காக ஓடு. வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்தவன் டில்லி. டியூஷனுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கும் சொல்லிக்கொடுத்தான். அந்தப் பாடம்தான் ஒரு ஐரோப்பியச் சதுக்கத்தில், பதினோரு வருஷம் கழித்து, எங்களை ஓட வைத்தது.

கஷ்கொட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது டில்லி சொன்னான்: “நான் இன்னும் சைன் போடல.”

ஜாசிம் உரிப்பதை நிறுத்தினான். டில்லி போனை நீட்டினான். ஊரிலிருந்து ஒரு கடிதம். அதே வேலி வரிசையில், வாயு கசிந்த இடத்துக்கு அடுத்த கேட்டில் இருக்கும் ஒரு தொழிற்சாலை, பாதுகாப்பு அதிகாரி வேலை. சம்பளம் இங்கே கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. திங்கள் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “உன்ன எதுக்கு கூப்புட்றாங்க தெரியுமா? நாளைக்கு எதுனா ஆச்சின்னா, ஜனம் கேட்டாண்ட வந்து கத்தும். அப்ப முன்னாடி நிறுத்த அந்த ஊர் மூஞ்சி ஒண்ணு வேணும். அதுக்கு நீ.”

“தெரியும்.”

“தெரிஞ்சே போவப்போறியா?”

“அவுங்க ஆயிரம் காரணம் வெச்சினுகீட்டும். எனக்கு உள்ள போவணும்னா அந்த ஒரு கதவுதான் தொறந்துகீது.”

“உள்ள போயி இன்னா பண்ணுவ? ஹெல்மெட் போடுங்கன்னு போஸ்டர் ஒட்டுவ.”

“டேய், வுடு,” என்றான் ஜாசிம் என்னிடம். பிறகு டில்லியிடம் மெதுவாக, “தேவி இன்னா சொல்லுது?”

“அவளாண்ட சொல்லல. சொன்னா, அங்கியே இருன்னுவா.”

கோட்டைக்கு நடந்தே ஏறினோம். கயிற்று ரயில் இருக்கிறது, ஆனால் இருபது நிமிஷ ஏற்றத்துக்கு அது பணத்துக்குக் கேடு. சரிவில் பனிக்கட்டி உறைந்திருக்கும், அடிப்பாகம் தேய்ந்த ஷூவோடு போகாதீர்கள். நான் இரண்டு முறை விழுந்தேன். கோட்டை பெரியது, குளிர்ந்தது, நன்றாகப் பராமரிக்கப்பட்டது. மேலே நின்றால் ஒரு பக்கம் பனிமலைகள், இன்னொரு பக்கம் முழு ஊரும். இந்த ஊரை ஆண்ட மதகுருமார்கள் உப்பு வியாபாரத்தில் கொழுத்தவர்கள் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். மலைக்குள் உப்பு வெட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. அத்திப்பட்டுப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த எங்கள் ஆட்களுக்கும் பெயர்ப்பலகை கிடையாது, அந்த விஷயத்தில் ஐரோப்பாவும் நாமும் ஒன்றுதான்.

ஆனால் மேலிருந்து டில்லி கோட்டையையோ மலையையோ பார்க்கவில்லை. கூரைகளை எண்ணிக்கொண்டிருந்தான். எந்தெந்தக் கூரையில் சங்கு இருக்கிறது என்று தேடினான். காளான் மாதிரித் தொப்பி போட்ட சின்னக் கம்பங்கள். மூன்றைக் கண்டுபிடித்தான்.

ஞாயிறு காலை நாங்கள் ஒரு அரண்மனைத் தோட்டத்துக்குப் போவதாகத் திட்டம். நுழைவு இலவசம், குளிர்காலத்தில் செடிகள் இருக்காது, சிலைகளுக்கு மரப்பெட்டி போட்டு மூடியிருப்பார்கள். ஐந்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடலாம். அதற்குப் பதிலாக டில்லி ஒரு தீயணைப்பு நிலையத்துக்கு இழுத்துப்போனான். வாசலில் சீருடையில் ஒரு பெண் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள், எங்கள் வயதுதான் இருக்கும். டில்லி தன் நல்ல ஜெர்மனில் கேட்டான்: வாராவாரம் ஊதினால் மக்களுக்குச் சலிப்பு வராதா? நிஜமாக ஊதும்போது சோதனை என்று நினைத்துவிட மாட்டார்களா?

“நிஜமென்றால் பதினைந்து விநாடியில் நிற்காது,” என்றாள். “ஏறி இறங்கியும் ஊதும். அந்த வித்தியாசம் எல்லோருக்கும் பழகிவிட்டது.”

“பழகுவதற்காகத்தான் ஊதுகிறீர்களா?”

“அதற்காகவும்தான். ஆனால் முக்கியமாக, எது ஊதவில்லை என்று கண்டுபிடிக்க ஊதுகிறோம். ஏதாவது ஒன்று ஊதாமல் போகும். மக்களே போன் பண்ணிச் சொல்வார்கள், எங்கள் தெருவில் இன்றைக்குக் கேட்கவில்லை என்று.”

டில்லி அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தான். நேராகப் பாலத்துக்கு நடந்தான். பிறகு, “ஜனமே போன் பண்ணிச் சொல்றாங்களாம் மாமு. எங்க தெருவுல கேக்கலன்னு,” என்றான்.

திரும்பும் ரயில் மாலை 4:15. எல்லையைத் தாண்டியதும் ஜெர்மன் போலீஸ் ஏறுவார்கள். எழுபது பேர் இருந்த பெட்டியில் மூன்று இடத்தில் மட்டும் பாஸ்போர்ட் கேட்டார்கள். எங்களிடம், ஒரு ஆப்பிரிக்கப் பெண்ணிடம், ஒரு தாடிக்காரரிடம். டில்லியின் விசா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “மார்ச்சில் முடிகிறது” என்றான் போலீஸ்காரன், அவனுக்கே தெரியாத செய்தி சொல்வதுபோல. “தெரியும்,” என்றான் டில்லி.

போலீஸ் இறங்கியதும் அவன் ஊர்த் தொழிற்சாலைக்கு மின்னஞ்சல் எழுதினான். எங்களுக்குப் படித்துக் காட்டினான். வேலிக்கு வெளியே இருக்கும் தெருக்களுக்குக் கேட்கிற மாதிரி உங்களிடம் சங்கு இருக்கிறதா? அதைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் பன்னிரண்டுக்கு, தெருவுக்குச் சொல்லிவிட்டு, பதினைந்து விநாடி ஊத அனுமதித்தால் வருகிறேன்.

“பேஜாரு புடிச்சவன்டா நீ,” என்றான் ஜாசிம். “வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடியே அவனாண்ட கேள்வி கேக்கற.”

“சேந்ததுக்கு அப்பால கேட்டா பதிலு வராது,” என்றான் டில்லி. அனுப்பிவிட்டான்.

திங்கள் காலை ஊரிலிருந்து போன் வந்தது. மனிதவள அதிகாரி மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். “வேலிக்கு வெளிய ஊதினா ஜனங்க பீதி ஆயிடுவாங்க சார். அதெல்லாம் வேணாமே. சம்பளத்துல ஏதாவது பேசணும்னா சொல்லுங்க.” இவன், சம்பளம் போதும், சங்கைப் பற்றி முடிவு சொல்லுங்கள் என்றிருக்கிறான். மேலே கேட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

ஜெர்மன் ஒப்பந்தத்துக்கு அன்று மாலை ஐந்து வரை நேரம். நான் கிடங்கிலிருந்து நாலு முறை அழைத்தேன். “அவுங்க பதில் சொல்ல மாட்டாங்க, கையெழுத்துப் போடு” என்று கத்தினேன், திட்டினேன், கெஞ்சினேன். ஐந்து மணி தாண்டியது. அவன் போடவில்லை. அப்போது அவன் கையில் இந்த வேலையும் இல்லை, அந்த வேலையும் இல்லை. இரண்டு வாரம் நான் அவனோடு பேசவில்லை.

பிறகு அனுமதி வந்தது. ஷிப்டுக்கு ஊதும் பழைய சங்கையே பயன்படுத்தலாம், மூன்று மாதம் மட்டும், புகார் வந்தால் நிறுத்திவிடுவோம் என்று எழுத்தில் தந்தார்கள். மார்ச் முதல் வாரம் அவன் விமானம் ஏறினான். மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் புகாரை அவர்களே ஆள்வைத்துத் தர வைப்பார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சரி, நீங்கள் சால்ஸ்பர்க் போவதாக இருந்தால்: இரண்டு பகல் ஒரு இரவு போதும். எனக்கு எல்லாம் சேர்த்து 96 யூரோ ஆனது, கோட்டை டிக்கெட் உட்பட. குழு டிக்கெட் அந்தந்த நாளுக்குத்தான் செல்லும், திரும்புவதற்குத் தனியாக எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டையும் விசா அட்டையையும் சட்டைப் பையிலேயே வையுங்கள், உங்கள் தோலின் நிறம் எங்கள் நிறமாக இருந்தால் கட்டாயம் கேட்பார்கள். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சாப்பாட்டைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பன்றி சாப்பிடாதவர்களுக்கு ஸ்டேஷன் பக்கத்துக் கபாப் கடைகள்தான் கதி. பாறைச் சுவரைப் பார்க்காமல் வராதீர்கள். அதற்கு டிக்கெட் கிடையாது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும், பயப்படாதீர்கள். பதினைந்து விநாடிதான்.

போன சனிக்கிழமை காலை ஏழரைக்கு, அதாவது ஊரில் மதியம் பன்னிரண்டுக்கு, டில்லி வீடியோவில் அழைத்தான். முதல் சோதனை. உள்ளே ஒருவரைப் பொத்தானிடம் நிறுத்திவிட்டு, எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்க இவன் தெருவில் வந்து நின்றிருந்தான். ஒரு வாரமாக வீடு வீடாகச் சொல்லியிருந்தானாம். தண்ணீர்த் தொட்டியடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். ஒரு கிழவர் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கு ஊதியது. போனின் ஒலிபெருக்கி கரகரத்தது. சிலர் சிரித்தார்கள். சிலர் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள், சொல்லியும் ஓடினார்கள். அப்போது டில்லியின் வீட்டுக்குள்ளிருந்து தேவி வெளியே வந்தாள். துப்பட்டா நனைந்திருந்தது, மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். வாசலில் ஒரு கணம் நின்று, தெருமுனைக் கட்சிக்கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாள்.

“ஏ தேவி! டெஸ்ட்டுடி! காலைல சொன்னேன் இல்ல!” என்று கத்தினான் டில்லி.

அவள் நிற்கவில்லை. மெயின் ரோட்டுப் பக்கம் போகாமல், கொடிக்குக் குறுக்காக இருந்த சந்தில் புகுந்து மறைந்தாள்.

சங்கு நின்றது. டில்லி போனைத் தன் முகத்துக்குத் திருப்பவே இல்லை. காலி சந்துதான் திரையில் தெரிந்துகொண்டிருந்தது.

“பாத்தியா மாமு?”

“பாத்தேன்.”

“கரெக்டான சந்துல பூந்துட்டா.”